எண்ணெய் டப்பாவை எட்டி வையுங்கள்: ஏர் ரைபிள் கேள்வி பதில்

என் ஸ்பிரிங் ஏர் ரைபிளின் குழலில் எண்ணெய் விட்டேன். இப்போது சுட்டால் புகை வருகிறது, பட்டாசு மாதிரி சத்தம் கேட்கிறது. பலம் கூடியிருக்கிறதா? – வாசகர், நாமக்கல்

பலம் கூடவில்லை, உள்ளே எண்ணெய் எரிகிறது. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் தள்ளி, பிஸ்டன் பாய்ந்து வந்து காற்றைச் சட்டென நெருக்குகிறது. நெருக்கிய காற்று கடுமையாகச் சூடாகும். ஸ்பார்க் பிளக் இல்லாமல் டீசல் என்ஜின் ஓடுவதும் இதே முறையில்தான். அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றி வெடிக்கும்போது பிஸ்டன் எதிர்ப்பக்கம் உதைபடும். பிஸ்டன் முனையில் காற்றுக் கசியாமல் அடைக்கும் வாஷர் கருகும், ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும். எண்ணெய் வெடித்துத் தள்ளுவதால் பெல்லட் (ஈயக் குண்டு) வேகமாகப் போகலாம், அதனால் குறி சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு எண்ணெய் எரிவதால் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும்.

இனி ஒரு சொட்டுகூட விடாதீர்கள். இலக்குக்குப் பின்னால் பெல்லட்டைத் தாங்கும் நல்ல தடுப்பு வைத்து, சற்றுக் கனமான பெல்லட் போட்டுச் சுட்டுவந்தால் மிச்சம் எரிந்து தீர்ந்துவிடும். லேசான வாடை இருந்தால் பரவாயில்லை. புகையும் சத்தமும் தொடர்ந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துத் துடைக்கச் சொல்லுங்கள். நீங்களே பிரிக்க வேண்டாம். பேரலை மடக்கி ஏற்றாத நிலையிலும் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தோடுதான் இருக்கும். அதை அடக்கிப் பிடிக்கும் சாதனம் இல்லாமல் கடைசி பின்னைக் கழற்றினால் முகத்தில் பாயும்.

பழைய துப்பாக்கிகளில் தோல் வாஷர் இருக்கும். தோல் காய்ந்தால் காற்றுப் பிடிக்காது, அதற்கு மட்டும் எப்போதாவது ஓரிரு சொட்டு வேண்டும். இப்போது வரும் செயற்கை வாஷருக்கு அது தேவையில்லை. பேரல் மடங்கும் மூட்டுக்கு வெளியே துளி கிரீஸ், மேல் இரும்பில் துருப்பிடிக்காமல் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, இவ்வளவு போதும்.

பத்து மீட்டரில் ஒரே இடத்தில் விழுந்த பெல்லட்டுகள் இப்போது சிதறுகின்றன. பேரல் தேய்ந்துவிட்டதா? – கல்லூரி மாணவர், திருச்சி

பேரலைக் குறை சொல்லாதே, தம்பி. ஈய பெல்லட்டால் எஃகு அவ்வளவு சீக்கிரம் தேயாது. முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடு. ஸ்பிரிங் ரைபிள் பின்னாலும் முன்னாலும் இரண்டு தடவை உதைக்கும், அதில் கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தானாகவே தளரும். கட்டையின் முன்பக்கம் இருபுறமும் இருப்பவற்றையும், விசை வளையத்துக்குப் பக்கத்தில் இருப்பதையும் அளவோடு இறுக்கு. டெலஸ்கோப் இருந்தால் அதன் பிடிமானம் பின்னால் நகர்ந்திருக்கிறதா என்றும் பார். என்னிடம் சிதறுகிறது என்று வருபவற்றில் பாதிக்குமேல் இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்தது காற்றுக் கசிவு. பேரல் மூடும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ பேப்பர்த் துண்டை வைத்துச் சுடு. காகிதம் பறந்தால் அங்கிருக்கும் ரப்பர் வளையத்தை மாற்று, சின்ன வேலைதான். பெல்லட்டின் பாவாடை, அதாவது பின்பக்கம் விரிந்திருக்கும் மெல்லிய ஓரம், நசுங்கியிருந்தாலும் சிதறும். டப்பாவைக் கீழே போட்டாயா என்று யோசித்துப் பார்.

பிடிப்பையும் கவனி. ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடிக்கவோ மேஜை விளிம்பில் வைக்கவோ கூடாது. உள்ளங்கையில் தளர்வாக இருத்தி, அது உதைக்கிறபடி உதைக்க விடு.

நிலக்கடலைக் காட்டில் மயில்கள் இறங்குகின்றன. விரட்ட எந்த ஏர் ரைபிள் வாங்கலாம்? – விவசாயி, பல்லடம்

எதுவும் வாங்காதீர்கள், ஐயா. உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. லைசென்ஸ் இல்லாமல் வாங்க முடிகிற 4.5 மி.மீ. துப்பாக்கியாக இருந்தாலும் இதுதான். பயிர்ச் சேதத்தை வனத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். காட்டைச் சுற்றி வலை கட்டுங்கள்.

சுட ஆரம்பிக்கும் முன் ஸ்பிரிங்கை ஏற்றி வைத்துவிட்டு மணிக்கணக்கில் மறந்துவிடுகிறேன். கெடுமா? – வாசகி, மதுரை

கெடும். ஸ்பிரிங் தொய்ந்து வேகம் குறையும். அதைவிடப் பெரிய கவலை, வேறொருவர் கை அதில் படுவது. ஏற்றினால் உடனே பெல்லட் போட்டு இலக்கில் சுட்டு முடியுங்கள். பெல்லட் இல்லாமல் விசையை இழுத்தால் பிஸ்டன் இரும்பில் மோதும். பேரலைத் திறந்து வைத்தபடி ஒருபோதும் இழுக்காதீர்கள். அது அறைந்து மூடும்போது விரலைத் துண்டாக்கும், பேரலும் வளையும். பெல்லட்டை ஒரு கை நுழைக்கும்போது மறு கை பேரலை விடவே கூடாது.