மேசை ஆட்டத்தில் சண்டையை அளந்து வைப்பது: கேள்வி பதில்

கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை நடத்துபவர்கள் (கதையையும் எதிரிகளையும் கையாள்பவர்கள்) கேட்டவை. வேறு குறிப்பு இல்லாத இடங்களில் 2014ஆம் ஆண்டு விதிகளின் எண்களையே பயன்படுத்தியிருக்கிறேன்.

கேள்வி: முதல் லெவலில் உள்ள நால்வருக்கு நான்கு கோப்ளின்களை (சிறு பூதங்கள்) வைத்தாலும் ஓர் ஓகரை (பெரிய முரட்டு அரக்கன்) வைத்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. எதை வைக்கலாம்?

கணக்கு ஒன்றாக வருவது உண்மைதான். ஒரு கோப்ளினுக்கு 50 எக்ஸ்பி (எதிரியை வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி) என்றால் நான்குக்கு 200; எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் இரண்டால் பெருக்க வேண்டும் என்பதால் அது 400 ஆகிறது. ஓகர் தனியாகவே 450. முதல் லெவல் நால்வர் குழுவுக்கு 'டெட்லி' (உயிருக்கே ஆபத்தான சண்டை) என்ற எல்லை 400இல் தொடங்குவதால் இரண்டுமே அந்த வகையில்தான் விழுகின்றன. ஆனால் ஆட்ட மேசையில் இவை முற்றிலும் வேறு வேறு சண்டைகள்.

எட்டு ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற எண்) உள்ள ஒரு மந்திரவாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓகரின் கதாயுதம் இரண்டு எட்டுமுகப் பகடைகளுடன் நான்கைக் கூட்டி அடிக்கிறது, சராசரி 13. ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு வந்த பிறகு மீதமுள்ள அடி அந்தப் பாத்திரத்தின் முழு ஹிட் பாயிண்டுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் உடனடி மரணம் என்பது விதி. ஆகவே அடி 16ஐத் தொட்டாலே, காயமே படாமல் நின்றிருந்த மந்திரவாதி அந்த இடத்திலேயே இறந்துபோவார். ஓகரின் சாதாரண அடி பட்டாலே இதற்கு 64இல் 15 வாய்ப்பு, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒன்று. கோப்ளினின் அடியோ கிரிட்டிகலாக (பகடைகள் இரட்டிப்பாகும் அடியாக) விழுந்தாலும் 14ஐத் தாண்டாது. மந்திரவாதி மயங்கி விழுவார், தோழர்கள் அவரை எழுப்பிவிடலாம்.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. ஏழு ஹிட் பாயிண்ட் உள்ள கோப்ளின் ஒவ்வொன்றாக விழும்போது எதிரணியின் அடியும் கால் பங்கு கால் பங்காகக் குறைகிறது. ஓகரோ 59 ஹிட் பாயிண்டில் 58 போன பிறகும் முதல் சுற்றில் அடித்த அதே வேகத்தில் அடிக்கும். புதிய குழுவுக்கு மூன்று கோப்ளின்களை வைத்துத் தொடங்குங்கள். ஓகரை மூன்றாம் லெவல்வரை தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: ஐந்தாம் லெவலில் ஐந்து பேர். சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் கடினத்தைக் குறிக்கும் எண்) ஐந்து உள்ள மலை ராட்சதனைத் தனியாக வைத்தேன். இரண்டாம் சுற்றிலேயே முடிந்துவிட்டது. எங்கே தவறினேன்?

சேலஞ்ச் ரேட்டிங்கை மட்டும் பார்த்து முடிவு செய்ததுதான் தவறு. மலை ராட்சதனுக்கு 1,800 எக்ஸ்பி; உங்கள் ஐவருக்கு நடுத்தரச் சண்டையின் எல்லையே 2,500. ஆக, விதிப்படியே அது எளிய சண்டைதான். ஆனால் ராட்சதனுக்கு எத்தனை முறை ஆட வாய்ப்புக் கிடைத்தது என்பதுதான் என் பார்வையில் இதைவிட முக்கியமான கேள்வி. ஒருவர் ஒரு சுற்றில் சராசரியாக 12 ஹிட் பாயிண்ட் குறைக்கிறார் என்று குறைத்து மதிப்பிட்டாலும் ஐவருக்கு 60. ராட்சதனின் 105 ஹிட் பாயிண்ட் இரண்டாம் சுற்றோடு தீர்ந்துவிடும். அதற்குள் குழு பத்து முறை ஆடியிருக்கும், ராட்சதன் அதிகபட்சம் இரண்டு முறை ஆடியிருப்பான். அந்த இரண்டில் ஒன்றை ஒரு மந்திரம் முடக்கிப்போட்டால் அவன் சண்டையில் கலந்துகொண்டதாகவே சொல்ல முடியாது.

சண்டையைத் தீர்மானிப்பது எதிரியின் வலிமையைவிட, இரு தரப்பும் எத்தனை முறை செயல்படுகின்றன என்ற விகிதம்தான். அதனால்தான் முதிர்ந்த டிராகன்களுக்கு மற்றவர்களின் முறை முடிந்தவுடன் செயல்பட லெஜண்டரி ஆக்‌ஷன்கள் மூன்று தரப்பட்டிருக்கின்றன. அவை இல்லாத ராட்சதனுக்குத் துணையைத் தாருங்கள். இரண்டு டயர் உல்ஃப்களை (பெரிய ஓநாய்கள்) சேர்த்தால் மொத்தம் 2,200; மூன்று எதிரிகளுக்கான பெருக்கத்தோடு 4,400. உங்கள் குழுவுக்கு 'ஹார்ட்' (கடினம்) என்பது 3,750, 'டெட்லி' என்பது 5,500. அந்த ஓநாய்கள் கடித்துக் கீழே தள்ளக்கூடியவை. விழுந்தவரை ராட்சதன் அருகிலிருந்து சாதகத்தோடு அடிக்கும்போது உங்கள் வீரர்கள் முதன்முறையாக யார் எங்கே நிற்பது என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

கேள்வி: சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே எதிரியின் ஹிட் பாயிண்டைக் கூட்டலாமா?

கூடாது என்றே நினைக்கிறேன். தொடக்க காலத்தில் நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஒருமுறை ஒரு வீரர் தன் கடைசி மந்திரத்தைச் செலவழித்து எதிரியை வீழ்த்தியிருக்க வேண்டிய நேரத்தில், சண்டை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று ரகசியமாக முப்பதைக் கூட்டினேன். அவர் ஒவ்வோர் அடியையும் தாளில் குறித்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கணக்கு வைப்பதையே நிறுத்திவிட்டார். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மாற்ற வேண்டுமென்றால் சண்டைக்கு முன்பே மாற்றுங்கள். மலை ராட்சதனின் 105 என்பது பத்துப் பன்னிருமுகப் பகடைகளுடன் 40 சேர்ந்த சராசரிதான். 50 முதல் 160 வரை எந்த எண்ணும் விதிக்கு உட்பட்டதே. முன்கூட்டியே 140 என்று எழுதி வைத்துக்கொண்டால் யாருக்கும் அநீதி இல்லை.

கேள்வி: எங்கள் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய சண்டைதான் வரும். மந்திரவாதி மட்டும் எல்லோரையும் மிஞ்சிவிடுகிறார்.

2014 விதிகள் ஒரு நீண்ட ஓய்வுக்கும் (செலவான மந்திரங்கள் திரும்பக் கிடைக்கும் இரவுத் தூக்கம்) அடுத்ததற்கும் இடையே ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினச் சண்டைகள் நடக்கும் என்று எண்ணி எழுதப்பட்டவை. ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு ஒன்பது ஸ்பெல் ஸ்லாட்கள் (மந்திரம் வீசும் வாய்ப்புகள்) உண்டு. சண்டை நான்கு சுற்றில் முடியும் என்று தெரிந்தால் அவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகப் பெரிய மந்திரத்தையே வீசுவார். வாள் வீரருக்கு அப்படி ஒரே மூச்சில் கொட்டிவிட ஒன்றும் இல்லை. ஆறு சண்டை வைக்க நேரமில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் மூன்று வையுங்கள், அடுத்த சண்டை எப்போது வரும் என்பது குழுவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடிவதற்குள் கைதியை மீட்க வேண்டும் என்பதுபோல ஒரு காலக்கெடு இருந்தால், நீண்ட ஓய்வு எடுப்பதே ஒரு இழப்பாகிவிடும்.

கேள்வி: ஷேடோக்கள் (நிழல் பேய்கள்) மூன்றை வைத்தேன், கணக்கில் சாதாரணமாகத் தெரிந்தும் மந்திரவாதி இறந்துவிட்டார்.

ஷேடோ ஹிட் பாயிண்டோடு வலிமை மதிப்பையும் அடிக்கு ஒன்று முதல் நான்கு வரை குறைக்கிறது. அது பூஜ்யமானால் மரணம். வலிமை எட்டு உள்ளவருக்கு இரண்டு அடியே போதுமானதாகிவிடலாம். எக்ஸ்பி கணக்கு இதைக் காட்டாது. விதிப்புத்தகத்தில் அந்த எதிரியைப் பற்றிய பக்கத்தில் ஹிட் பாயிண்டைத் தவிர வேறு எதையாவது குறைக்கும் வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் என் வீரர்கள் ஓடுவதே இல்லை.

ஓடினால் தப்பலாம் என்று அவர்கள் எப்போதாவது பார்த்திருக்கிறார்களா? பெரும்பாலான பாத்திரங்களின் வேகம் 30 அடி தூரம். ஓகருக்கு 40, டயர் உல்ஃபுக்கு 50. விலகும்போது முதுகில் ஓர் அடி, பிறகு துரத்தலில் மேலும் பல அடி. நின்று சாவதைத்தான் விதிகள் அவர்களுக்குக் கற்றுத்தருகின்றன. ஆகவே அடைக்கக்கூடிய ஒரு கதவையோ அறுக்கக்கூடிய ஒரு தொங்குபாலத்தையோ வரைபடத்தில் வையுங்கள். எதிரிகளும் ஓடட்டும். 1981ஆம் ஆண்டு அடிப்படைப் பதிப்பில் மொரால் (மன உறுதி) என்றொரு விதி இருந்தது. அணியில் முதல் ஆள் விழுந்ததும், பாதிப் பேர் விழுந்ததும் இரண்டு அறுமுகப் பகடைகளை உருட்டி, மொரால் எண்ணைவிட அதிகமாக வந்தால் அவர்கள் பின்வாங்குவார்கள். இதை அப்படியே இன்றைய ஆட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். கோப்ளின்கள் ஓடுவதைப் பார்க்கும் வீரர்கள் தாங்களும் ஓடலாம் என்பதை அறிவார்கள்.

கேள்வி: பாத்ஃபைண்டர் என்ற வேறோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் கணக்கு சரியாக வரும் என்கிறார்களே?

பெருமளவுக்கு வருகிறது. நால்வருக்கு நடுத்தரச் சண்டை 80 எக்ஸ்பி, கடுமை 120, உச்சம் 160. குழுவின் அதே லெவல் எதிரி 40, இரண்டு லெவல் மேலே 80, நான்கு மேலே 160. தாக்குதலிலும் தற்காப்பிலும் லெவல் சேர்வதாலும், இலக்கைப் பத்தால் தாண்டினால் கிரிட்டிகல் என்பதாலும் லெவல் வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரியும். முதல் இரண்டு லெவல்களில் மட்டும் மூன்று லெவல் மேலான தனி எதிரியைத் தவிர்த்துவிடுங்கள். குழு அடிக்கும் அடியெல்லாம் தவறிக்கொண்டே இருப்பதைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது.

கேள்வி: 2024 விதிகளுக்கு மாறிவிட்டேன். பழைய கணக்கு செல்லுமா?

எண்ணிக்கைக்கான பெருக்கத்தை 2024இல் எடுத்துவிட்டார்கள். முதல் கேள்வியில் 'டெட்லி' என்று வந்த நான்கு கோப்ளின்கள், அதே 50 எக்ஸ்பி வீதம், புதிய அட்டவணையில் 200 என்ற அளவோடு மிகத் தாழ்ந்த வகையில் விழுகின்றன. பழையது பயமுறுத்தியது, புதியது சற்று அசட்டையாக இருக்கிறது என்பது என் கருத்து. எக்ஸ்பியைப் புதிய அட்டவணைப்படியே கூட்டுங்கள்; ஆனால் எதிரிகளின் எண்ணிக்கை குழுவின் எண்ணிக்கையைத் தாண்டும்போது, ஒன்றிரண்டு பேரைக் கதவுக்கு அப்பால் நிறுத்தி இரண்டாம் சுற்றில் உள்ளே வரச் செய்யுங்கள்.