சொந்தக் காருக்கு ஹப் கடைவது: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஹப் என்பது வீலும் பிரேக் டிஸ்க்கும் மாட்டப்படும் சுழலும் நடுப்பாகம். பேரிங்குக்குள் நுழைவது அதன் தண்டு, வீல் உட்காரும் தட்டையான பகுதி ஃபிளாஞ்ச். ஹப் உடைந்தால் சக்கரம் டிஸ்க்கோடு சேர்ந்து கழன்று போகும். காரின் அந்த மூலையில் பிரேக்கும் இருக்காது. அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, 800 கிலோ எடையில் ரெண்டு சீட் கார் கட்டுகிறேன். ஹப்பைப் புதிதாகவே கடையக் கொடுக்கலாமா?

தம்பி, முதலில் கம்பெனி ஹப்பில் எது ஒத்துவரவில்லை என்று பாருங்கள். ஸ்டட் வட்டம் (வீலை மாட்டும் போல்ட்டுகள் நிற்கும் வட்டம்) மட்டும்தான் மாறுகிறது, ஃபிளாஞ்சில் இடமும் இருக்கிறது என்றால், பழைய துளைகளுக்கு நடுவே புதுத் துளை போட்டுக்கொள்ளலாம். பழைய துளையைத் தொட்டுக்கொண்டு புதியது வரக்கூடாது. கம்பெனி ஹப் அடித்து உருவாக்கப்பட்டது. அந்த உறுதியைத் தடித்த உருளைக் கம்பியிலிருந்து கடைந்து எடுப்பது சுலபமில்லை. பேரிங், அதைப் பிடித்திருக்கும் நக்கிள், வீல் மூன்றையும் எப்படியும் சேர்க்க முடியாது என்றால் மட்டும் புதிது செய்யுங்கள்.

அலுமினியத்தில் செய்தால் எடை குறையுமே? 7075 என்ற அலுமினியக் கலவை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

சாலையில் ஓடும் காருக்கு வேண்டாம். டயரின் ஆரம் 300 மி.மீ. என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 530 தடவை சுற்றும். 1,900 கிலோமீட்டரில் பத்து லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஹப் தண்டின் ஒரே இடம் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்குகிறது. ஸ்டீலில் தகைவு (பரப்பளவுக்கு இவ்வளவு என்று விழும் விசை) ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை சுற்றானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு அடிமட்டம் கிடையாது. சின்னச் சுமையும் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் வெடிப்பாகும். பந்தயக் கார்க்காரர்கள் அலுமினிய ஹப் போட்டால், ஓடிய நேரத்தைக் கணக்கு வைத்து மாற்றிவிடுவார்கள். நமக்கு 4140 அல்லது 4340 என்ற கலவை ஸ்டீல். 28 முதல் 32 ஹெச்.ஆர்.சி. (கடினத்தின் அளவு) வரை பதப்படுத்தியதாகவே வாங்கினால் அப்படியே கடையலாம். கடைந்த பிறகு பதப்படுத்திக் கோணிக்கொள்ளும் வம்பு இல்லை.

தண்டு எவ்வளவு தடிமன் வேண்டும்? கணக்கு எப்படிப் போடுவது?

உங்கள் 800 கிலோ காரையே எடுத்துக்கொள்வோம். வேகமான வளைவில் வெளிப்பக்க முன் சக்கரத்தில் 4,000 நியூட்டன் இறங்குகிறது, டயரும் பக்கவாட்டில் அதே அளவு பிடிக்கிறது என்று வையுங்கள். 0.3 மீட்டர் ஆரத்தில் அது 1,200 நியூட்டன் மீட்டர். 40 மி.மீ. தண்டில் இதனால் வரும் தகைவு ஏறக்குறைய 190 மெகாபாஸ்கல். தண்டை 30 மி.மீ. ஆக்கினால் 450ஐத் தொடும். அதே 40 மி.மீ. தண்டின் நடுவில் 25 மி.மீ. துளை போட்டாலோ 225தான். எடை குறைக்க ஆசைப்பட்டால் உள்ளே குடையுங்கள், வெளியே மெலிக்காதீர்கள். குழியில் இறங்கும் அடி இந்தக் கணக்கில் இல்லை, அதற்கும் இடம் விட வேண்டும்.

லேத்காரரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

வாயால் சொல்லாதீர்கள், வரைபடமாகக் கொடுங்கள். முக்கியமானது ஃபிளாஞ்சும் தண்டும் சேரும் மூலை. அங்கே வளைவு ஆரத்தைக் குறித்தே ஆக வேண்டும். நான் முதலில் செய்யக் கொடுத்த ஹப்பில் அதைக் குறிக்கவில்லை. மூலை கத்தி மாதிரி கூராக வந்தது. கூர்மையான மூலையில் தகைவு இரண்டு மடங்கைத் தாண்டும். சில மாதத்தில் சரியாக அந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு. கழற்றிப் பார்த்ததால் தப்பித்தேன். பேரிங் உள்வளையத்தின் ஓரத்திலும் ஒரு வளைவு உண்டு. உங்கள் ஆரம் அதைவிடச் சிறிதாக இருந்தால்தான் வளையம் தண்டின் தோளில் (படியில்) போய் உட்காரும். பெரிய ஆரம் வேண்டுமென்றால் இடையில் ஓரம் சரித்த வளையம் ஒன்று வையுங்கள்.

பேரிங் உட்காரும் இடம், ஃபிளாஞ்ச் முகம், வீலின் நடுத்துளை உட்காரும் தோள் மூன்றையும் லேத்தின் பிடியான சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடிக்கச் சொல்லுங்கள். திருப்பிப் பிடித்தால் மையம் விலகும். பேரிங் இடத்துக்கு 40 மி.மீ.யில் கே6 என்ற அளவு வரம்பு என்றால் 40.002 முதல் 40.018 வரை. முகத்தில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் நிற்க வேண்டும்.

என் காரில் முன் சக்கரத்துக்கு டிரைவ் ஷாஃப்ட் (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் தண்டு) இல்லை. முன்சக்கர டிரைவ் காரின் பேரிங்கை அப்படியே போடலாமா?

போடலாம், ஆனால் இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்த இரட்டை வரிசை பேரிங்கின் உள்வளையம் இரண்டு துண்டு. இரண்டையும் இறுக்கிப் பிடிப்பது ஷாஃப்ட்டின் நட்தான். ஷாஃப்ட் இல்லாமல் காரைத் தள்ளினாலே துண்டுகள் விலகிப் பேரிங் கெட்டுவிடும். பழைய சி.வி. ஜாயின்ட்டின் (ஷாஃப்ட்டின் முனையில் மடங்கிச் சுழலும் இணைப்பு) கிண்ணத்தை மட்டும் வைத்து, உள்ளே இருக்கும் குண்டுகளை எடுத்துவிட்டு, கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) நட்டை இறுக்குங்கள்.

பின் சக்கர ஹப்பில் ஷாஃப்ட் கோத்துக்கொள்ள ஸ்ப்லைன் (உள்பற்கள்) வேண்டுமே?

ஹப்பும் சி.வி. ஜாயின்ட்டும் ஒரே காரிலிருந்து எடுத்துவிடுங்கள். கட்டாயம் வெட்டத்தான் வேண்டும் என்றால் வயர் கட்டிங்கில் (மின்பொறி விடும் மெல்லிய கம்பியால் அறுப்பது) முடியும். வெட்டும்போது உங்கள் ஷாஃப்ட்டையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து ஸ்டட் ஹப்பில் எதிரெதிர் ஸ்டட் இல்லை. வட்டத்தை எப்படி அளப்பது?

பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டின் மையத்திலிருந்து மையம் அளந்து 1.701 ஆல் பெருக்குங்கள். 67.2 மி.மீ. வந்தால் 114.3 வட்டம்.

ஐயா, மாட்டிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டை மறுபடி டார்க் பாருங்கள். வீலைப் பிடித்திருப்பது நட்டின் இறுக்கத்தால் வரும் உராய்வு. இறுக்கம் போனால் ஸ்டட் வளைந்து வளைந்து அறுந்துவிடும். 1,000 கிலோமீட்டரில் ஹப்பைக் கழற்றி, ஃபிளாஞ்சும் தண்டும் சேரும் மூலையைத் துடைத்து, வெடிப்புக் காட்டும் சாயம் அடியுங்கள். சிவப்புக் கோடு ஊறி வந்தால் அந்த ஹப்பை மட்டுமல்ல, அதே வரைபடத்தில் செய்த மற்றவற்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள்.