கலோரிக் கணக்கு வைத்தால் உடல் எடை குறைவது எப்படி?

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான ஆற்றலையே உணவைப் பற்றிப் பேசும்போது ஒரு கலோரி என்கிறோம். உடல் செலவிடுவதைவிடக் குறைவாக உண்ணும்போது, சேமித்து வைத்த கொழுப்பை எடுத்து உடல் ஈடுசெய்கிறது. விளைச்சல் குறைந்த ஆண்டில் குதிர் நெல்லை எடுத்துச் சமைக்கும் வீட்டைப் போன்றது இது. ஆனால் குதிர் வற்றுவதைக் கண்ட வீட்டார் உலையில் இடும் அரிசியையும் குறைத்துக்கொள்வதுபோல, எடை குறையக் குறைய உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொள்வதால், முதல் மாதத்தில் பலன் தந்த அதே உணவளவு ஆறாம் மாதத்தில் பலன் தராமல் போகலாம்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருப்பதால், நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் எடை குறையும். கணக்கு பெரும்பாலும் பிசகுவது இட்லியில் அல்ல, எண்ணெயில்தான்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உண்டு, தாளிப்பில் ஊற்றியதையோ பலரும் எழுதிவைப்பதில்லை. உடற்பயிற்சி, குறிப்பாக எடை தூக்கும் பயிற்சி, கொழுப்போடு தசையும் கரைந்துவிடாமல் காக்கிறது. குறைந்த எடை மீண்டும் ஏறாமலிருக்கவும் தொடர்ந்த பயிற்சி உதவுகிறது.

வயிற்றுப் பயிற்சி செய்தால் தொப்பை மட்டும் கரையும் என்று பலர் நம்புகின்றனர். எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரையும் என்பதைப் பெரும்பாலும் மரபும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றனவே தவிர, பயிற்சி பெறும் தசை தீர்மானிப்பதில்லை.