கடந்த ஓராண்டில் படித்த பிரபலமான அபுனைவு நூல்களில் உங்களை யோசிக்க வைத்தது எது?

பத்து நூல்களின் பட்டியலை எதிர்பார்த்துக் கேட்டிருப்பீர்கள். நான் ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்: நாம் எப்படி யோசித்து முடிவெடுக்கிறோம் என்பதைப் பற்றி உளவியலாளர் டேனியல் கானமன் 2011இல் எழுதிய 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ'.

முழுசாகப் பிடித்ததா என்றால் இல்லை. முதுமையை நினைவூட்டும் சொற்களைக் கோத்து வாக்கியம் அமைத்த மாணவர்கள், எழுந்து போகும்போது மெதுவாக நடந்தார்கள் என்று ஒரு சோதனை அதில் வருகிறது. இதை நம்பாமலிருக்க உங்களுக்கு வழியே இல்லை என்கிற தொனியில் எழுதியிருக்கிறார். 2012இல் பெல்ஜியத்தில் நடையைக் கருவி வைத்து அளந்து மறுபடி செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. சிறிய ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017இல் கானமனே ஒப்புக்கொண்டார். நோபல் வாங்கியவர், பேசாமல் இருந்திருக்கலாம்; இருக்கவில்லை.

எனக்கு இது உறைத்ததற்குக் காரணம் வீட்டில் நடந்த கூத்து. கொழுந்தனார் ஏதோ முன்னேற்றப் புத்தகத்தில் மார்ஷ்மெல்லோ சோதனையை (மிட்டாயைத் தின்னாமல் காத்திருக்கும் பிள்ளை பிற்பாடு நன்றாகப் படிக்கும் என்று சொல்வது) படித்துவிட்டு, பொங்கலுக்கு வந்தபோது என் ஐந்து வயது மகள் முன்னால் கடலைமிட்டாயை வைத்தார். "கால் மணி நேரம் தொடாம இருந்தா ரெண்டாவது தருவேன்." அவர் கதவைச் சாத்துவதற்குள் பாதி காணோம். "அண்ணி, இவளுக்குப் பொறுமை பத்தாது, படிப்புல கஷ்டப்படுவா" என்றார், மாமியார் உட்பட எல்லோர் முன்னாலும். 2018இல் சுமார் 900 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும், காத்திருப்பதற்கும் பிற்பாடு வாங்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு பெருமளவு கரைந்துபோனது. சொன்னேன். "நீங்க அம்மா, அப்படித்தான் சொல்வீங்க" என்றார்.

நான் உளவியல் படித்தவள் இல்லை, கணக்கு எழுதுகிறவள். அப்போ கானமன் புத்தகம் குப்பையா என்று சண்டைக்கு வராதீர்கள். ஜவுளிக்கடையில் 4,000 ரூபாயை அடித்துவிட்டு 1,999 என்று எழுதியிருந்தால் நம் கை ஏன் நீளுகிறது என்பதற்கு அதிலுள்ள விளக்கம் இன்றும் நிற்கிறது.

வாங்குவதானால் நல்ல கடையில் வாங்குங்கள். இணையத்தில் பாதி விலைக்கு 'புத்தம் புதுசு' என்று எனக்கு வந்தது திருட்டுப் பதிப்பு. எழுத்து மங்கல், அட்டை பிசின் விட்டு ஆடுகிறது, நடுவில் பதினாறு பக்கம் தலைகீழ். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு விற்றவரின் பதில்: "அந்தப் பக்கம் வரும்போது புக்கைத் திருப்பிப் பிடிச்சுக்கோங்க மேடம்."