எல்லாருக்கும் தெரிந்த அப்பா

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

என் அப்பா மாரடைப்பில் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. மலை ஏறுவது, ஆற்றில் தூண்டில் போடுவது, விடிவதற்கு முன்பே பைனாகுலரை மாட்டிக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்புவது என்றே வாழ்ந்த மனிதர். எங்கேயும் தனியாகப் போனதில்லை. முன்பின் தெரியாதவர்கூட அரை மணி நேரத்தில் அவருக்கு நண்பராகிவிடுவார். பேரப்பிள்ளைகளுக்கு மரம் ஏறக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

அவருடைய நண்பர்கள் ஒரு நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்கிறார்கள். "மகள் நீதான் பேசணும்" என்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கொட்டும் மழையில் கூடாரத்துக்குள் எல்லாரையும் உட்காரவைத்து இரவு முழுக்கப் பாடினாராம். கால் சுளுக்கிய ஒருவரை முதுகில் சுமந்தே அடிவாரம் வரை கொண்டுவந்தாராம். வீட்டில் இதில் ஒன்றைக்கூட அவர் சொன்னதில்லை. நான் பார்த்த அப்பா, ஞாயிறு இரவு களைத்து வந்து சோபாவிலேயே தூங்கிப்போகிறவர். என் பள்ளி விழாக்கள் பலவற்றுக்கு வராதவர். பாசம் இல்லாமல் இல்லை; ஆற்றில் என் வயிற்றைத் தாங்கிப் பிடித்து நீச்சல் பழக்கியவரும் அவரே. ஆனால் குறையைச் சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள். வெறுமனே புகழ்ந்தால் எனக்கே பொய்யாகப்படும்.

அண்ணன் அழவே இல்லை. விடுமுறை வந்தால் அப்பாவின் நண்பர்களோடு மலைக்குப் போய்விடுகிறான். அம்மாவோ வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. யார் மேல் கோபப்படுகிறேன் என்றே புரியவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு இழப்புகள் உங்களிடம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன என்று நினைக்கிறேன். அப்பா போனது ஒன்று. அவரோடு உங்களுக்குக் கிடைக்காமல் போன நேரம் இன்னொன்று. அவர் இருந்தவரை 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று அதைத் தள்ளிப்போட முடிந்தது, இப்போது முடியாது. நண்பர்கள் சொல்லும் ஒவ்வொரு கதையும், அந்த நேரம் எங்கே போனது என்பதற்குக் கணக்குக் காட்டுவதுபோல உங்கள் காதில் விழுகிறது. கோபம் வராமல் எப்படி இருக்கும்?

பாசப் பிணைப்பை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியல் மருத்துவர் ஜான் பௌல்பி, துக்கத்தில் கோபம் வருவது இயல்பு என்றே கருதினார். போனவரைத் தேடும் மனம், 'ஏன் என்னை விட்டுப் போனாய்' என்று அவரிடமே சண்டை போடும். சின்ன வயதில் வாசலைப் பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதும் அல்ல.

துக்கம் என்றாலே மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிநிலைகளை ஒப்பிப்பவர்கள் உண்டு. மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றை எழுதியது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. பிரிந்தவரை நினைத்து வருந்துகிற எல்லாரும் அதே வரிசையில்தான் போவார்கள் என்று சொல்ல முடியாது. ஓராண்டு ஆகியும் கோபத்திலேயே நிற்கிறோமே என்று கவலைப்பட வேண்டாம்.

போனவரோடு உள்ள உறவை அறுத்துக்கொண்டால்தான் மனம் தேறும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். டென்னிஸ் கிளாஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1996-இல் வேறு விதமாகச் சொன்னார்கள்: உறவு முடிவதில்லை, உருமாறித் தொடர்கிறது. அப்படியென்றால் அதில் மனத்தாங்கலுக்கும் இடம் உண்டுதானே? உயிரோடு இருந்தபோது அப்பாவோடு சண்டை போட்டிருப்பீர்கள். இப்போது மட்டும் அவரை ஏன் குறையே இல்லாதவராக்க வேண்டும்?

அதனால் முதலில் அவருக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். வராத பள்ளி விழாக்கள், சோபாத் தூக்கம், எல்லாவற்றையும் கொட்டுங்கள். கூட்டத்துக்கான பேச்சை அப்புறம் எழுதலாம். இரண்டையும் ஒரே தாளில் எழுதப் பார்த்ததால்தான் பேனா நகரவில்லை என்பது என் ஊகம்.

அந்தப் பேச்சில் அவருடைய முழு வாழ்க்கையையும் சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை. மலைக் கதைகளைச் சொல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். ஆற்றில் உங்கள் வயிற்றுக்கு அடியில் இருந்த அந்தக் கையைப் பற்றி உங்களைத் தவிர யாரால் பேச முடியும்? கூடவே, "நீங்கள் பார்த்த அப்பாவை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை, அவரைப் பற்றி எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். அதில் பொய்யும் இல்லை, நன்றிகேடும் இல்லை. அவர் வழி தவறியது, பயந்தது, எரிந்து விழுந்தது பற்றியும் கேளுங்கள். நண்பர்களும் ஓராண்டாக நல்லதை மட்டுமே பேசிக் களைத்திருப்பார்கள்.

அண்ணன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பை நோக்கியும் மறுநேரம் அன்றாட வாழ்க்கையை நோக்கியும் மாறி மாறிப் போகிறார், இரண்டும் தேவை. சிலர் பேசியோ அழுதோ ஆற்றிக்கொள்வார்கள், சிலர் எதையாவது செய்து. அப்பா ஏறிய மலையில் அப்பாவின் நண்பர்களோடு நடக்கிறவர் அப்பாவை மறந்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது? 'ஏன் அழவில்லை' என்று கேட்பதைவிட, ஒருமுறை 'நானும் வரட்டுமா' என்று கேட்டுப் பாருங்கள். நேருக்கு நேர் வராத பேச்சு, பக்கத்தில் நடக்கும்போது வரும்.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி. எனக்கு அதிகக் கவலை அங்கேதான். ஊரோடு பழகுகிற கணவர் போகும்போது, அவரால் வீட்டுக்கு வந்துபோன மனிதர்களும் கூடவே போய்விடுகிறார்கள். அந்த நட்புகளையெல்லாம் பேணியவர் அவர்தான் என்றால், அம்மாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். அவர் சுபாவத்திலேயே அமைதியை விரும்புகிறவராகவும் இருக்கலாம். அவரையே கேளுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவத்தில் தனியாகவே ஒன்று உண்டு. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் இதற்கு ஆறு மாதமும், அதே ஆண்டு திருத்தப்பட்ட அமெரிக்க உளவியல் மருத்துவக் கையேட்டில் பெரியவர்களுக்கு ஓராண்டும் குறைந்தபட்சக் காலவரம்பு. காலம் கடந்தது மட்டும் நோயாகாது. ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்குகிறதா என்பதே கேள்வி. தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். 'நானும் போய்விட்டால் நல்லது' என்ற பேச்சு வந்தால், அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே போங்கள். கூட்டத்துக்கு வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். உங்கள் பேச்சை முதலில் வீட்டில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று அவரே சொல்வார்.