14 வயது மகன், 84 கிலோ, யாரிடமும் பேசுவதில்லை: எடையை முதலில் பார்ப்பதா, மனதையா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. உயரம் 165 செ.மீ., எடை 84 கிலோ. இரண்டு வருடத்தில் மளமளவென்று ஏறிவிட்டது. ஆறேழு மாதமாக விளையாடப் போவதில்லை, எந்நேரமும் சட்டைக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே இருக்கிறான், எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். ராத்திரி பயங்கரக் குறட்டை. தினமும் காலையில் அவன் அப்பா எடை பார்க்கச் சொல்கிறார், எடை குறைந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்கிறார். டயட்டீஷியனிடம் போவதா, மனநல மருத்துவரிடம் போவதா?

பதில்: முதலில் அந்த எடை மெஷினை எடுத்துப் பரண் மேல் போட்டுவிடுங்கள், இன்றைக்கே. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எது முதலில் என்றால், இரண்டும் சேர்ந்துதான். தொடக்கத்துக்கு நல்ல குழந்தைநல மருத்துவர் ஒருவர் போதும், அங்கிருந்து யாரிடம் போக வேண்டுமோ அவர் சொல்வார். உடம்பையும் மனதையும் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், இந்த வயதில் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போகும். கேலிக்குப் பயந்து மைதானத்துக்குப் போவது நிற்கும், அறைக்குள் அடைந்து கிடந்தால் ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும், தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடி, வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் குறையும், அப்புறம் நள்ளிரவில் சாப்பாடு, காலையில் குற்ற உணர்ச்சி, அதை மறக்க மறுபடி சாப்பாடு. இதில் எது ஆரம்பம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஜாக்கெட்தான். இப்படி வரும் பையன்கள் என் எதிரே உட்காரும் விதமே தனி: தோளை முன்னால் குறுக்கிக்கொண்டு, பையை மடியில் வைத்து மார்போடு அணைத்துக்கொள்வார்கள். பருவ வயதில் நிறையப் பையன்களுக்கு மார்புச் சுரப்பி கொஞ்சம் வீங்கும், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே அடங்கிவிடும். உடம்பில் கொழுப்பும் சேர்ந்திருந்தால் அது இன்னும் பெரிதாகத் தெரியும். இது யாருக்கும் வருவதுதான் என்று அந்தப் பையனிடம் ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள், உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு சட்டையைக் கழற்றவே பயப்படுவான். உங்கள் மகனுக்கும் இதுதான் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவரிடம் முன்கூட்டியே காதில் போட்டுவையுங்கள், அவர் தனியாக அவனிடம் பேசட்டும். நீங்களாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

சரி, உடம்புக்கு வருவோம். அவன் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு, கிட்டத்தட்ட 31. பெரியவர்களுக்கான அட்டவணையைப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 14 வயதுப் பையனுக்கு ஏறக்குறைய 26ஐத் தாண்டினாலே உடல் பருமன்தான். அதனால் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு அளவு, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை. ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை அவன் கை அளவுக்குப் பொருத்தமானதா என்று கேளுங்கள், சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை, தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக அது பல நேரம் இருக்கும். தைராய்டாக இருக்குமோ என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். வயதுக்கேற்ற உயரம் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு ஹார்மோன் கோளாறால் எடை கூடுவது அபூர்வம்.

குறட்டையை நான் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு ராத்திரி அவன் அறை வாசலில் கால் மணி நேரம் நின்று கேளுங்கள். குறட்டை சத்தம் திடீரென்று நின்று, சில நொடி அமைதியாகி, பிறகு திணறி மூச்சை இழுக்கிறானா? அப்படியானால் போனில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும் பிள்ளை எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியதாகக் கணக்கில்லை. பகலெல்லாம் சோர்வு, வகுப்பில் கவனம் நிற்காது, தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். வெளியிலிருந்து பார்த்தால் அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும், சோம்பேறி என்று பட்டமும் கட்டிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும்.

இடுப்பு, தொடை அல்லது முழங்கால் வலியோடு நொண்டினால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இந்த வயதில் எடை கூடிய பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவுவதுண்டு. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றாலும் காத்திருக்காதீர்கள்.

இப்போது மனம். பெரியவர்கள் சோகமாக உட்காருவார்கள், பதின்ம வயதினருக்கு மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகத்தான் வெளிவரும். பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போவது, நண்பர்களை விட்டு விலகுவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே பார்த்துவிட வேண்டும், நீங்கள் ஆறேழு மாதம் என்கிறீர்கள். கட்டிலுக்கு அடியில் காலி பாக்கெட்டுகள், சாப்பிட்டதும் நேராகக் குளியலறை, நாள் முழுக்கப் பட்டினி கிடந்து ராத்திரி அள்ளிச் சாப்பிடுவது, இதில் எதைப் பார்த்தாலும் திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது உண்ணுதல் சார்ந்த மனநலப் பிரச்சினையாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. "செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாமல் அன்றே உதவி தேடுங்கள். மருத்துவர் அவனோடு தனியாகப் பேசும்போது நீங்கள் வெளியே உட்காருங்கள்.

அவன் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டில் எடையைச் சொல்லிக் கிண்டல் செய்யப்பட்ட, டயட் என்று பட்டினி கிடந்த பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளிடம்தான் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவதும் எடை கூடுவதும் அதிகமாக இருந்தது. அக்கறையால்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தினமும் காலையில் அந்த மெஷின் மேல் ஏறும் பிள்ளைக்கு அது தினமும் தோற்கும் பரீட்சை. எடை பார்ப்பது மருத்துவமனையோடு இருக்கட்டும்.

அப்புறம் அவரை நிம்மதிப்படுத்த ஒரு கணக்கு. மகன் இன்னும் வளர்வான். இதே 84 கிலோவில் நின்று, உயரம் 173 செ.மீ. ஆனால் பிஎம்ஐ 31லிருந்து 28க்கு வந்துவிடும், ஒரு கிலோகூடக் குறையாமல். பரிசோதனை முடிவுகளைப் பொறுத்து மருத்துவர் அதற்கு மேலும் கேட்கலாம், அது வேறு. மாறாக, சில வாரத்தில் எடை சரசரவென்று இறங்கினால் பாராட்டாதீர்கள், குண்டான பிள்ளைகளும் பட்டினியால் நாடித்துடிப்பு குறைந்து ஆபத்தான நிலைக்குப் போவதுண்டு.

சாப்பாட்டில் அவனுக்கென்று தனித்தட்டு வைக்காதீர்கள். மாற்றம் என்றால் வீடு முழுக்க மாற வேண்டும், தம்பி தங்கை ஒல்லியாக இருந்தாலும் சரி. தினமும் 60 நிமிட உடலுழைப்பு என்பது பரிந்துரை, அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம், யார் கண்ணும் படாத இடத்தில் தொடங்கலாம். தூக்கம் 8 முதல் 10 மணி நேரம், போன் அறைக்கு வெளியே, உங்கள் போனும்தான். மனநல மாத்திரை ஏதாவது ஏற்கெனவே சாப்பிடுகிறான் என்றால் சில மருந்துகள் எடையைக் கூட்டும், அதை மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இனி, அவனை எப்படிக் கிளப்புவது. எதிரே உட்காரவைத்து ஆரம்பிக்காதீர்கள். வண்டியில் போகும்போதோ நடக்கும்போதோ, முகம் பார்க்காமல் பேசும் நேரத்தில், "கொஞ்ச நாளா நீ சரியாவே தூங்குற மாதிரி தெரியலைடா, டாக்டரைப் பார்த்துட்டு வரலாமா?" என்று மட்டும் கேளுங்கள். எடை என்ற வார்த்தையே வர வேண்டாம், குறட்டை ஒன்றே போதுமான காரணம். முடியாது என்பான். சரி என்று விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.