கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை: ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் சொல்லியிருப்பது இது: ஏழு வருடப் பெட்ரோல் கார். பத்து நாளுக்கு ஒருமுறை ரிசர்வாயரில் (கூலன்ட் தொட்டி) கால் லிட்டர் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டிக்கு அடியில் ஈரமே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். எங்கே ஒழுகுகிறது என்று கண்ணால் பார்க்காமல் எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

தரை காய்ந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஓடும் என்ஜினில் கூலன்ட் 90 டிகிரியை ஒட்டிய சூட்டில், அழுத்தத்தோடு இருக்கிறது. ஊசித்துளை வழியே கசிவது சூடான உலோகத்தில் பட்டதும் ஆவியாகிவிடும். அதிலிருந்த சாயமும் உப்பும்தான் பச்சையாகவோ சிவப்பாகவோ வெள்ளையாகவோ பூத்து நிற்கும். அதனால் ஈரத்தைத் தேடாமல் அந்தத் தடத்தைத் தேடுங்கள். டார்ச் அடித்து ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, ஹோஸ் கிளாம்ப்கள், தெர்மோஸ்டாட் ஹவுசிங் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வின் கூடு), வாட்டர் பம்ப்புக்குக் கீழ்ப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். ஏசி ஓடும்போது அடியில் சொட்டும் நிறமில்லாத, மணமில்லாத தண்ணீர் வேறு. கூலன்ட் விரலில் வழவழக்கும், இனிப்பு மணம் வரும். நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம்.

தடம் கிடைக்காவிட்டால் பிரஷர் டெஸ்ட். கையால் அடிக்கும் சின்ன பம்ப், அதில் ஒரு மீட்டர், ரேடியேட்டர் அல்லது ரிசர்வாயரின் அழுத்த மூடிக்குப் பதிலாக மாட்ட ஓர் அடாப்டர், அவ்வளவுதான். என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பார் அளவு அச்சிட்டிருக்கும்; அந்த அளவு வரை மட்டும் அடியுங்கள். கூட அடித்தால் நல்ல டேங்க்கும் விரிசல் விடும். 15 நிமிடம் விடுங்கள். ஆறிய என்ஜினில் கசிவது ஆவியாகாது, சொட்டாகவே நிற்கும். இந்தச் சோதனைக்கு இவ்வளவு மதிப்பு அதனால்தான்.

அதே பம்ப்பில் மூடியையும் சோதியுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மூடி, குறைந்த அழுத்தத்திலேயே திறந்து கூலன்ட்டை வெளியே தள்ளும். தனி ரேடியேட்டர் மூடி உள்ள வண்டியில் உறிஞ்சு வால்வு அடைத்துக்கொண்டால், ரிசர்வாயருக்குப் போன கூலன்ட் திரும்பி வராது; ஆறியபின் மேல் ஹோஸ் சப்பையாகக் கிடக்கும். மொத்த அமைப்பிலும் விலை குறைந்த பாகங்களில் ஒன்று இந்த மூடி. அதைப் பார்க்காமல் ரேடியேட்டரை மாற்றச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

பிரஷர் டெஸ்டில் மீட்டர் முள் இறங்குகிறது, வெளியே சொட்டு இல்லை என்றால் கசிவு உள்ளே. முதலில் முன் சீட் கார்ப்பெட்டுக்கு அடியில் கை வையுங்கள். பிசுபிசுப்பான ஈரம், ஹீட்டர் போட்டால் கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போன்ற பனிப்பு, உள்ளே இனிப்பு மணம் என்றால் கசிவது ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்). அது இல்லையென்றால் என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். ஆயில் மூடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் அது வரும். உறுதி செய்ய பிளாக் டெஸ்ட்: ரேடியேட்டர் வாயில் வரும் வாயுவை நீலத் திரவத்தின் வழியே இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது மஞ்சளாக மாறும்.

பழுது எதுவோ, வேலை அதைப் பொறுத்தது. ஹோஸ் என்றால் முறுக்கி இழுக்காதீர்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடையும். பழைய ஹோஸை நீளவாக்கில் கீறிப் பிரித்தெடுத்து, கழுத்தில் ஒட்டியிருக்கும் பொருக்கைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஸ்பிரிங் கிளாம்ப் வந்திருந்தால் ஸ்பிரிங் கிளாம்ப்பையே மாட்டுங்கள். ரப்பர் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அது தானே பிடித்துக்கொள்ளும். திருகு கிளாம்ப் அப்படிச் செய்யாது, காலையில் மட்டும் ஒழுகும். வாட்டர் பம்ப்பில் அடியிலுள்ள சிறு துளையில் தடம் இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. பம்ப்பை மாற்றத்தான் வேண்டும். டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பிளாஸ்டிக் டேங்க் விரிசலில் எம்-சீல் தடவுவது வீடு போய்ச் சேர மட்டுமே. மஞ்சள் தூள், லீக் அடைக்கும் பவுடர் எதையும் ஊற்ற வேண்டாம்: அவை ஓட்டையோடு ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

திரும்ப நிரப்பும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறம் தரத்தைச் சொல்லாது. ஓனர் கையேட்டில் உள்ள வகையை வாங்குங்கள். கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காதது) என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் உள்ளே உப்புப் படிய வைக்கும். ஏற்கெனவே தண்ணீர் கலந்து வரும் ரெடிமிக்ஸில் தண்ணீரே சேர்க்கக் கூடாது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஏர் பிளீட் ஸ்குரூ (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் திருகு) இருந்தால் அதில் குமிழி இல்லாமல் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை என்ஜினை விட்டு, இரவெல்லாம் ஆறிய பிறகு மேக்ஸ் கோடு வரை நிரப்புங்கள். வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் குடித்துச் சாகும்.

வேலை முடியும்வரை ஓட்டுகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். கூலன்ட் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் டெம்பரேச்சர் முள் ஏறாமல் இறங்கிக்கூடக் காட்டும். ஹீட்டரில் திடீரென்று குளிர் காற்று வந்தாலும் கூலன்ட் இறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். உடனே ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். மேல் ஹோஸ் கைக்குச் சூடில்லாமல் ஆகும்வரை மூடியைத் தொடாதீர்கள்.